கார்புரேட்டரில் சிக்கிய பஞ்சு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்வாசலில் ஒரு பழைய அம்பாசடர் கார் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் செங்கற்களின் மீது நின்றிருந்தது. பின்னர் வேறு சில பழைய கார்களும் அதே இடத்துக்கு வந்து, உருமாறிப் போயின. ஆயினும் முதல் காரைப் பற்றியே எழுத விரும்புகிறேன். என் மகனின் பிழைப்பு எது என்பது அந்தக் காரைக் கொண்டே முடிவாயிற்று.

நான் அப்போது ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தேன். மகன் தொழிற்பயிற்சி முடித்து வீட்டிலிருந்தான். பருத்தியிலிருந்து விதை நீக்கும் ஒரு ஜின்னிங் ஆலையின் பின்புறத்தில் அந்தக் காரைக் கண்டுபிடித்தவன் அவன்தான். பின் இருக்கையில் கோழி ஒன்று அடைகாத்துக் கொண்டிருந்தது. ஆலை முதலாளி காரைப் பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார். கோழியை மட்டும் திருப்பிக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், எனக்குக் காலை ஷிப்டு உள்ள நாள்களின் பிற்பகலிலும் இருவரும் வேலை செய்தோம். எஞ்சினை அவன் பிரித்தான். துருப்பிடித்த தரைத்தகட்டை நான் வெட்டியெடுத்து, வேறு தகடு வைத்துப் பற்றவைத்தேன். பெட்ரோல் டாங்கினுள் சரளைக்கல் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். பிறகு கம்பியின் நுனியில் கழிவுப் பஞ்சைச் சுற்றி உட்புறத்தைத் துடைத்தெடுத்தோம். எங்கள் ஊரில் எதைத் துடைப்பதென்றாலும் கழிவுப் பஞ்சுதான். ஆலையில் கைதுடைக்கக் கொடுப்பதில் மிஞ்சியது எல்லார் வீட்டிலும் ஒரு மூலையில் கிடக்கும்.

முன்வாசலில் துணி காயப்போடும் இடத்தை இழந்த என் மனைவி, அவ்வழியே போகும்போதெல்லாம் ஏதேனும் சொல்லிவிட்டே போவாள்.

"வீட்டுக்குள்ள உக்கார ஒரு நாற்காலி உருப்படியா இல்ல. இங்க என்னன்னா சீட்டுக்கு ரெக்சின் தைக்காவ அப்பனும் மகனும்."

இதற்கிடையில் நான் மகனுக்காக ஆலையில் ஒரு வேலை கேட்டிருந்தேன். மேலாளரும் மனமிரங்கி, வருகிற திங்கட்கிழமை அனுப்பச் சொல்லிவிட்டார். மகனுக்கு அதில் நாட்டமில்லை. சொந்தமாகப் பட்டறை போட்டு, இத்தகைய கார்களைச் சீர்செய்தே பிழைக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். இரண்டு நாள் பேச்சுக்குப் பின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். காரின் பதிவைப் புதுப்பிப்பதற்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் அதனைக் காட்டியாக வேண்டும். அவர் வெள்ளிக்கிழமை காலையில் மட்டுமே வண்டிகளைப் பார்ப்பார்.

"வெள்ளிக்கிழமை வண்டி பாஸ் ஆயிட்டுன்னா நீ பட்டறை போடு. இல்லன்னா திங்கக்கிழமை என் சைக்கிள்ல பின்னாடி ஏறு" என்றேன்.

"ஏறுதேன்" என்றான்.

அந்த வெள்ளிக்கிழமை, அரசு அலுவலகத்துக்குப் போகிறோமே என்று நான் வெளுத்த வேட்டியும் புதுத் துண்டும் அணிந்து முன் இருக்கையில் அமர்ந்தேன். மகன் ஓட்டினான். ஊரெல்லை தாண்டியதும் கார் திக்கித் திக்கி நின்றுவிட்டது. அவன் கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் பீறிவரும் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி ஊதினான். நான் கழிவுப் பஞ்சால் அதை நன்கு துடைத்துக் கொடுத்தேன். கார் புறப்பட்டது, சற்றுத் தொலைவு சென்று மீண்டும் நின்றது. மீண்டும் ஊதி, மீண்டும் துடைத்தோம்.

பால்கோவாக் கடைக்குச் சைக்கிளில் பால்கேன் கொண்டுபோகும் ஒருவரை நாங்கள் முந்துவதும், நின்றபின் அவர் எங்களை முந்துவதுமாக இருந்தது. மூன்றாவது முறை அவர் காலூன்றி நின்றார்.

"அண்ணாச்சி, நான் முன்னாடி போயி, நீங்க பின்னால வாரீயன்னு ஆபீசுல சொல்லிறவா?"

மகன் ஜெட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். பிறகு ஒரு மெல்லிய கம்பியிழையை நுழைத்து எதையோ இழுத்து, என் உள்ளங்கையில் வைத்தான். அதை நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

"பஞ்சுலே இது. பஞ்சு சீவுற கோம்பர் மிஷின்ல விழுற கழிவு. இழை குட்டையா இருக்கு பாரு."

"டிப்பார்ட்மெண்டெல்லாம் சரியாத்தான் சொல்லுதிய. வண்டி ஓட வழியச் சொல்லுங்க" என்றான்.

டாங்கைத் துடைத்தபோது உள்ளே ஒட்டிய இழைகள் பெட்ரோலோடு வந்துகொண்டிருந்தன. அடைத்துக்கொண்ட ஜெட்டையும் அதே பஞ்சால் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறோம். பால்காரர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. பெட்ரோலை வடிகட்ட, அவருடைய கேனின் வாயில் கட்டியிருந்த வடிதுணியைக் கேட்டேன்.

"பால்கோவாவுல பெட்ரோல் வாசம் வந்தா ஆண்டாளே கோவிச்சுக்கிடும், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்த தூரம்தான். நான் சொன்னேன்: "ஏலே, ஊதி மாட்டு. எப்படியும் போய்ச் சேந்திரலாம். இன்ஸ்பெக்டரு முன்னாடி ஒரு சுத்து ஓடுனாப் போதும்."

"ஓடும்பா. பொறவு திரும்பி வாரப்ப நிக்கும். அப்படி வண்டிக்கு எதுக்கு பாஸு? உங்க துண்டக் குடுங்க."

"நேரம் போயிரும். திங்கக்கிழமைய நெனச்சுக்கோ."

"நெனச்சுத்தான் சொல்லுதேன்."

துண்டைக் கொடுத்தேன். டாங்கின் அடித்திருகைக் கழற்றி, பெட்ரோல் முழுவதையும் டிக்கியில் கிடந்த தகரக் கேனில் பிடித்து, சிறிதளவால் உள்ளே அலசிக் கொட்டினான். மற்றதைத் துண்டை நான்காக மடித்து வடிகட்டி ஊற்றினோம். பம்பையும் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்தான். அதன்பின் கார் எங்கும் நிற்கவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத் திடலில் வண்டி எதுவும் இல்லை.

"அவிய இப்பத்தான் ஜீப்புல ஏறிப் போனாவ. அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க" என்றார் காவலாளி.

மகன் கைகளைக் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டு கேட்டான்: "திங்கக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"பாக்கவே இல்லாத வண்டி எப்படிலே பெயிலாகும்? அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் நம்ம பேச்சு அப்படியே நிக்கி" என்றேன்.

"மேனேஜரு?"

"அது என் சோலி."

கடைத்தெருவில் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில், காலிக் கேனோடு எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டிருந்த அந்தப் பால்காரரைத் தாண்டும்போது மகன் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தான். நான் தடுக்கவில்லை.

வீட்டில் பொட்டலத்தைப் பார்த்ததும் மனைவி கேட்டாள்: "பாஸாயிட்டுதாக்கும்?"

"அவிய இன்னும் பாக்கல."

"பொறவு எதுக்கு பால்கோவா?"

"திங்கத்தான்."

திங்கட்கிழமை காலையில் மேலாளரின் அறைக்குத் தனியே சென்று, மகன் வரமாட்டான் என்று கூறினேன். "கேட்டதும் நீரு, வேண்டாங்கிறதும் நீரா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் என் எதிரிலேயே வேறொருவரின் மகனை அழைத்துவரச் சொல்லி ஆளனுப்பினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வாளர் காரை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். பிரேக்கையும் விளக்குகளையும் சோதித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பட்டறைக்கு இடம் அமைய மேலும் சில மாதங்கள் ஆனமையால், அடுத்த காரும் எங்கள் முன்வாசலுக்கே வந்தது. அதற்குள் என் மனைவி துணிக்கொடியை மாடிக்கு மாற்றியிருந்தாள்.