சூடா என்றால் சூடு

தட்டை மேசையில் வைப்பதற்கு முன் ரவூப் நடுவிரலை மடக்கி, அதன் முதுகால் சோற்றைத் தொட்டுப் பார்க்கிறார். ஓரத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. மீன் ஆணத்துக்கு, அந்தக் குழம்புக்கு, தனியாக ஒரு முறை. மேசைக்கு அந்தப் பக்கம் மகள் அஃப்னா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதினேழு வயது. அவள் சொல்லும் சொற்கள் மொத்தம் ஆறு. விரல் விலகியதும் அவற்றில் ஒன்றைச் சொல்கிறாள்.

"சூடா."

"ஆமா மா. சூடுதான். இரு."

மூன்று நிமிடம் கழித்து அவளே சாப்பிடத் தொடங்குவாள். அந்த மூன்று நிமிடமும் ரவூப் எழுந்திருக்க மாட்டார்.

அவருக்கு அறுபது வயது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் முப்பத்து மூன்று ஆண்டுகளாக வேலை. உயிர் மீன், கோழிக்குஞ்சு, மருந்து ஆகியவை போகும் பகுதி. பாசிர் ரிஸ் வீட்டிலும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை. மேல் நோக்கிய அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் அரிசி டப்பாவில் இருக்கிறது, மகளின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. எந்தப் பையைத் தூக்கினாலும் முதலில் லேசாக அசைத்துக் காது கொடுத்துக் கேட்பார்.

சட்டைப் பையில் இரண்டு கைப்பேசிகள். ஒன்று அவருடையது. திரையில் கீறல் விழுந்த இன்னொன்று மனைவி கதீஜாவுடையது. கதீஜா இறந்து எட்டு மாதம் ஆகிறது. பதினொரு ஆண்டுகளாகப் பள்ளியிலிருந்து எந்த அழைப்பானாலும் அந்த எண்ணுக்குத்தான் வந்தது. எண்ணை மாற்றிக் கொடுக்கும்படி உறவினர் பலரும் சொல்லிவிட்டார்கள். "மாத்துறேன்" என்பார். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து இரண்டையும் சார்ஜில் போடுவார்.

பள்ளிக் கூட்டங்களுக்குக் கதீஜாதான் உள்ளே போவார். ரவூப் வெளியே பையோடு நிற்பார். "அவ பேசுவா. நான் சாமான் தூக்குவேன்" என்று அதற்கு விளக்கமும் சொல்வார்.

அப்படி நின்றதில் ஒரு கதை மட்டும் அவருக்கு முழுசாகத் தெரியும். அஃப்னாவுக்குப் பத்து வயது. மூன்று வாரமாகப் பள்ளியிலிருந்து பசியோடு வந்தாள். அந்த மாத அறிக்கையிலோ பாராட்டு: 'போதும் என்பதைத் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள்.' கதீஜா நேரே பள்ளி உணவகத்தில் போய் உட்கார்ந்தார். தட்டு வந்தது. அஃப்னா "சூடா" என்றாள். அங்கே உதவிக்கு இருந்த மலாய்க்கார அம்மா, தங்கமானவர், சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துவிட்டார். மலாயிலும் அதே ஒலியில் ஒரு சொல் உண்டு. முடிந்தது என்று பொருள்.

கதீஜா அன்றே விளக்கிச் சொன்னார். ஆசிரியர் மாறும்போதெல்லாம் திரும்பவும் சொன்னார். எல்லாம் வாய்ச்சொல். எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. டிசம்பரில் அஃப்னாவுக்குப் பதினெட்டு. பள்ளி முடிந்து, பெரியவர்களுக்கான பகல்நேர மையத்துக்குப் போக வேண்டும். அங்கே அவளைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

இப்படி மையங்களுக்கு மாறும் பிள்ளைகளுக்கான நடைமுறையைத் திருத்தும் முன் குடும்பங்களைக் கேட்கிறார்கள் என்று கடிதம் வந்தபோது, இந்த முறை பையோடு வெளியே நிற்க முடியாது என்பது அவருக்குப் புரிந்தது.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு மண்டபம். சனிக்கிழமை காலை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு மொழி. தமிழ் மேசையில் பதினைந்து பேர். அதிகாரி ஆங்கிலத்தில் பேச, சுசீலா என்ற தொண்டூழியர் தமிழில் சொன்னார். புதிய படிவத்தின் வரைவு கைக்குக் கை போனது. தொடர்பு முறை என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: பேசுவார், சைகை, பேசமாட்டார்.

ரவூப் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகு எழுந்து நின்றார். "எம் புள்ள இந்த மூணுலயும் இல்ல."

சூடா கதையைச் சொல்லி முடித்து, வீட்டுச் சொற்களை எழுத ஒரு இடம் வேண்டும் என்றார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பதிலைச் சுசீலா தயங்கித் தயங்கிச் சொன்னார். "படிவம் ஏற்கெனவே நீளமாம் அண்ணே. மையத்துல இருக்கவங்க பழகப் பழகக் கத்துக்குவாங்களாம்."

"பழகுற வரைக்கும் அவ பசியோட இருக்கணுமா?"

ரவூப் தொடர்ந்தார். "உயிர் மீன் பெட்டி ஒண்ணு கெளம்புதுன்னா நாலு பக்கமும் எழுதி ஒட்டுறோம் லா. எவ்ளோ சூடு, எவ்ளோ நேரம், எது மேல் பக்கம். இத்துணூண்டு மீனுக்கு. எம் புள்ளைக்கு ஒரு வரி இல்ல."

பின்வரிசையிலிருந்து முத்தையா குரல் கொடுத்தார். டாக்ஸி ஓட்டுபவர். "பாய், புள்ளைய கார்கோல அனுப்பப் போறீங்களா?"

சிரிப்பு எழுந்தது. ரவூபும் சிரித்தார். முத்தையா மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க வீட்டுல 'டிங்டிங்'னா லிஃப்ட்டு இல்ல. எம் மவளுக்கு வயிறு வலிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு வருசம் அவளை லிஃப்ட்டுல கூட்டிட்டுப் போயி ஏறி எறங்குனேன் சார்."

அதன் பிறகு கூட்டம் சுசீலாவின் கையில் நிற்கவில்லை. ஆளுக்கொரு சொல்லாக வந்தது. பக்கத்து மேசையில் என்ன என்று கேட்டார்கள்; அங்கேயும் தொடங்கிவிட்டார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தார். சாப்பாட்டுப் பெட்டிகள் வந்து அரை மணி நேரம் ஆறின.

ஐந்து வாரம் கழித்து, திருத்திய வரைவை நிரப்பிப் பார்க்கச் சில குடும்பங்களை மட்டும் அழைத்தார்கள். இறுதி முடிவு இன்னும் ஆகவில்லை என்று அதிகாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டாம் பக்கத்தில் 'வீட்டுச் சொற்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நான்கு வரி.

சரக்குப் பெட்டியில் எழுதுகிற மாதிரிப் பெரிய எழுத்தில், அழுத்தி எழுதினார் ரவூப்.

'சூடா என்றால் சூடு. முடிந்தது என்று பொருள் இல்லை. தட்டை எடுக்க வேண்டாம். மூன்று நிமிடம் இருக்கவும்.'

கீழே, தகவல் தருபவர் பெயர். கதீஜா என்று எழுதினார்.

சுசீலா குனிந்து பார்த்தார். "அண்ணே, அங்க உங்க பேருல்ல போடணும்?"

"பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு அனுப்புறவங்கதான் எழுதணும் சுசீலா. நான் தூக்குற ஆளு. கையெழுத்து வேணா நான் போடுறேன்."

சுசீலா படிவத்தை அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

அடுத்த வரி தொலைபேசி எண். எதையும் பார்க்காமல் கதீஜா எண்ணின் எட்டு இலக்கங்களையும் எழுதினார். பேனாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து கீறல் விழுந்த கைப்பேசியை எடுத்து, ஒலி கடைசிக் கோடு வரை ஏறும்படி பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.