ஊமைத் திமிர்

ஜேபஸ் டல்லியைப் பற்றி யாராவது "நல்ல மனுஷன், அதிகம் பேசமாட்டான்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேசமாட்டானா? ஹண்டர் ஆற்றங்கரையில் அவனைப் போல மாட்டைத் திட்டிய வண்டிக்காரன் வேறு எவனும் இல்லை. எட்டு மாடு பூட்டிய வண்டி சேற்றில் புதைந்தால், ஒவ்வொரு மாட்டின் பாட்டன் பூட்டன் வரை இழுத்துப் பேசுவான். சமையற்கட்டில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். மாடுகளும் அவன் குரலுக்குத்தான் நகரும். அந்த வாயை மூடவைத்த பாவி நான்தான்.

நாங்கள் இருவரும் பென்ஹாலோ துரையின் பண்ணையில் சம்பளமில்லாத சர்க்கார் ஆட்கள். கைதி என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்ள மாட்டோம். அதைத் துரைமார் சொல்லிக்கொள்ளட்டும். நான் லிவர்பூலில் ஒரு கம்பளிச் சால்வையை எடுத்ததற்குத் தண்டனையாக, கடல் தாண்டி இந்தக் காலனிக்குக் கப்பலேற்றப்பட்டவள். அவன் டார்செட்டில் இரண்டு கோழி திருடியவன். இரண்டு கோழிக்கு ஏழு வருடம்! ஊரில் அவன் மனைவி கெசையா தனியாக நின்றாள்.

நாலு வருடம் எந்தத் தண்டனையும் வாங்காமல் ஒரே துரையிடம் உழைத்தால் விடுப்புச் சீட்டு கிடைக்கும். சீட்டு வந்தால் பிடித்த இடத்தில் வேலை பார்க்கலாம். மனைவியைச் சர்க்கார் செலவிலேயே கப்பலில் வரவழைக்க மனுப் போடலாம். ஜேபஸுக்கு அந்த நாலு வருடம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

"டேய், இந்த மூணு வாரம் துரை என்ன சொன்னாலும் வாயத் தொறக்காத. மாட்டுக்கிட்ட மட்டும் பேசு," என்றேன்.

"சரி டார்கஸ். சீட்டு கைக்கு வர்ற வரைக்கும் நான் ஊமைதான், போதுமா?" என்றான்.

துரைக்கும் தேதி தெரியும். இவன் போய்விட்டால் எட்டு மாட்டை யார் ஓட்டுவது? அடுத்த வாரமே, நுகத்தடி உடைந்தது என்று அவனை முற்றத்தில் நிற்கவைத்து அரைமணி நேரம் ஏசினார். கடைசியில் கெசையாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார். அதை என் வாயால் திருப்பிச் சொல்ல மாட்டேன். ஜேபஸின் காது சிவந்தது. தரையைப் பார்த்தபடியே நின்றான். பதிலே பேசவில்லை. அப்பாடா, தப்பித்தான் என்று ஜன்னலோரம் நின்றிருந்த நானும் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலையில் துரை அவனிடம் அரக்கு முத்திரை வைத்த கடிதம் ஒன்றைக் கொடுத்து, மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகச் சொன்னார். துரைமார் தங்கள் கையால் எங்களை அடிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அடிவாங்க வேண்டியவன் கையிலேயே கடிதத்தைக் கொடுத்தனுப்புவார்கள். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் இவன்தான் ஒரு தப்பும் செய்யவில்லையே! சீட்டுக்கான சிபாரிசு என்றே இருவரும் நம்பினோம். அவனுடைய நல்ல சட்டையை அவசரமாக அலசி அடுப்பருகே காயவைத்துக் கொடுத்தேன். பன்னிரண்டு மைலும் சீட்டியடித்துக்கொண்டே நடந்தானாம்.

மாஜிஸ்திரேட் கடிதத்தை உரக்கப் படித்தார். குற்றம், ஊமைத் திமிர். எஜமானர் பேசும்போது பதில் சொல்லாமல் நின்ற திமிர். அப்படியும் ஒரு குற்றம் இருந்தது ஐயா, இந்தக் காலனியில்! வாயைத் திறந்தால் திமிர், மூடினால் ஊமைத் திமிர். சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டபோது, எனக்குக் கொடுத்த வாக்கை நினைத்து அங்கேயும் அவன் பேசவில்லை. ஐம்பது கசையடி. சீட்டு இரண்டு வருடம் தள்ளிப்போனது.

சட்டை முதுகோடு ஒட்டிப்போய்த் திரும்பி வந்தான். வெந்நீர் ஊற்றி ஊற்றித்தான் பிரித்தெடுத்தேன்.

"நீ சொன்னபடிதான் இருந்தேன் டார்கஸ்," என்றான். என்னைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான்.

அதன் பிறகு மாட்டைக்கூட அவன் திட்டியதில்லை. இரண்டு வருடம் கழித்துச் சீட்டு வந்தது. மனுப் போட்டான். பதில் வர ஒரு வருடமாயிற்று. பாதிரியார் படித்துச் சொன்னார்: சீட்டு வருவதற்கு ஐந்து வாரம் முன்பு கெசையா ஏழைகள் விடுதியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டாள். முதலிலேயே சீட்டு வந்திருந்தால் அதற்குள் அவள் இங்கே வந்து இறங்கி, இவனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள். கசையடி பட்டவன் ஒருவன், செத்தவள் ஒருத்தி. இதைக் கேட்க எந்த மாஜிஸ்திரேட்டும் இல்லை.

ஜேபஸ் போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. நான் தண்டனை முடிந்து, மெய்ட்லண்டில் இறைச்சி அடை சுட்டு விற்கிறேன். போன ஞாயிறு கோயில் வாசலில் பென்ஹாலோ துரை என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

"டார்கஸ், சௌக்கியமா? உன் கைச் சமையல் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!"

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் முறை கேட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது.

"என்ன, காது கேக்கலையா?" என்றார், முகம் சிவந்து.

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. எழுதட்டுமே கடிதம், யாருக்கு எழுதுவார் இப்போது?