படத்தில் விழுந்தவர்

மீன் சந்தைக்கு ஐஸ் பாளம் சுமக்கிற வேலை அவருக்கு. எல்லோருக்கும் அவர் ஐஸ்காரர்தான். மனைவி மாசமாக இருந்த சமயம், நகரத்து அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிக்கிறோம் என்று ஒரு கூட்டம் சந்தையில் வந்து இறங்கியது.

தோளில் சாக்கு, அதன்மேல் பாளம். சாய்த்துப் போட்ட பலகையில் விறுவிறுவென்று மேடைக்கு ஏறினார்.

"பிரமாதம்ணே! வெளிச்சம்தான் சரியா விழல. இன்னொரு தடவை ஏறுங்க," என்றார் கேமராக்காரர்.

"ஐஸ் கரைஞ்சா முதலாளி என்னைக் கரைச்சுடுவாரு," என்று சிரித்துக்கொண்டே ஏறினார். மறுபடியும் கேட்டார்கள். அதற்குள் பலகை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கால் வழுக்கியது. பாளம் முழங்காலில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போன படக்காரர்கள் பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கால் மடங்காமலே போயிற்று. சைக்கிள் ஸ்டாண்டில் காவலுக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மகளை ஆளாக்கினாள். வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, ஒருநாள் மருமகன் ஓடி வந்தார். "ஏதோ விழாவுல பழைய நகரப் படமெல்லாம் போடுறாங்களாம். போஸ்டர்ல ஐஸ் சுமக்கிறது நம்ம மாமா மாதிரியே இருக்கு!"

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்ல," என்றாள் ஐஸ்காரரின் மனைவி.

மற்ற மூவரும் போனார்கள். கறுப்பு வெள்ளைப் படம். சத்தமில்லை. திரையில் எல்லோரும் வேகம் கூட்டினதுபோல் குடுகுடுவென்று ஓடினார்கள். பலகையில் ஒரு வாலிபன் நெஞ்சை நிமிர்த்தி ஏறினான். மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வழுக்கினான். அரங்கமே குபீரென்று சிரித்தது. பாளம் காலில் படுமுன் காட்சி மாறி, பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டம் வந்தது.

படம் முடிந்ததும் மருமகன் போய் அது தன் மாமாதான் என்று சொல்ல, விழா நடத்தியவர் ஐஸ்காரரை எழுந்து நிற்கச் சொன்னார். ஒரே கைதட்டல். மகளும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தூக்க, விறைத்த காலைப் பார்த்ததும் கைதட்டல் பிசுபிசுத்துப் போயிற்று.

"நாலு வார்த்தை பேசுங்க ஐயா."

"நான் விழுந்ததை வச்சிருக்கீங்க," என்றார். "அதுக்கு முன்னாடி ஒழுங்கா ஏறினேனே, அதை எங்க போட்டீங்க?"



திரும்பும் பஸ்ஸில் மகள் சொன்னாள்: "நீங்க காலை மடக்கி நடக்கிறதை இன்னிக்குத்தான்ப்பா பார்த்தேன்."

 ஏறி இறங்குபவர்கள் மிதித்துவிடாமல், அவர் தன் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.