ராஜாவின் வாய்

எங்க ஊர் ஒரகடம் தாண்டி, வடக்குப்பட்டு பக்கம். நான் சுவர் எழுதுற பெயிண்டர். தொண்ணூத்தொண்ணுல ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுல கம்பெனி மதில்களுக்கு எழுதிக்கிட்டிருந்தேன். எழுத்துக்குப் பாட்டு வேணாம். நூல் பிடிச்சு, கோடு போட்டு, உள்ள ரொப்பிட்டா முடிஞ்சது.

முகம் வேற. யாராவது பாடினாத்தான் முகத்துக்கு என் கை நகரும். பாட்டு இழுத்தா கோடு நீளும். பாடுறவன் மூச்சு வாங்கினா நானும் பிரஷை எடுப்பேன். குரல் மேல போறப்ப புருவம் போட்டா சரியா உக்காரும். கீழ எறங்குறப்ப மீசை. ஏன்னு கேட்டா தெரியாது.

அம்மன் திருவிழாவோட கடைசி நாள் காலையில எங்க ஊர்ல படுகளம். ஏரி மண்ணைக் கொட்டி, மல்லாந்து கிடக்கிற ராஜா ஒண்ணு செய்வாங்க. ஒரு வூட்டு நீளம் இருக்கும். தொடைக்குள்ள குங்குமத் தண்ணிப் பானை புதைச்சிருக்கும். கூத்துல ராஜா வேஷம் கட்டினவன் அந்த மண்ணு மேல ஏறி ஆடுவான். எதிரி வேஷக்காரன் மண்ணுத் தொடையில அடிக்க, பானை உடையும். அவன் மண்ணுக்குப் பக்கத்துல சாஞ்சு கடைசிப் பாட்டைப் பாடுவான். ராஜா செத்தான்னு அர்த்தம்.

அந்த மண்ணுக்கு முகம் வரையறது என் வேலை. கண்ணு கடைசி. கண்ணைத் தொறந்துட்டா யாரும் கை வைக்கக் கூடாது.

அந்த வருஷம் ராஜா வேஷம் என் தங்கச்சி புருஷனுக்கு. அதுக்கு முன்னால பின்பாட்டுத்தான் பாடிக்கிட்டிருந்தான். நல்ல கனமான குரல். வேப்பமரத்தடியில பாதி அரிதாரத்தோட உக்காந்து தொண்டையைப் பதம் பண்ணிக்கிட்டிருந்தான். நான் மண்ணுகிட்ட குந்தினேன். காத்து சூடா அடிச்சது. மண்ணு சீக்கிரம் காஞ்சது. ராஜாவோட கழுத்துல ஒரு வெடிப்பு விட்டது. தண்ணி தொட்டு அடைச்சேன். திரும்ப விட்டது.

அவன் பாடப் பாட வரைஞ்சேன். கை நல்லா ஓடிச்சு. அப்படி ஓடினதே இல்ல.

தங்கச்சி சோறு எடுத்துக்கினு வந்தா. தலைப்பக்கம் நின்னா.

"இன்னாணா வரைஞ்சிகீற?"

"ஏன்?"

"இது அவரு."

பாத்தேன். அவன்தான். தாடை, மூக்கு, பாடுறப்ப ஒரு பக்கம் கோணுற அந்த வாய். நான் அவனைப் பாத்து வரையல. குரலைக் கேட்டுத்தான் வரைஞ்சேன்.

அவன் எழுந்து வந்து பாத்தான். சிரிச்சான்.

"மச்சான் என்னை ராஜா ஆக்கிட்டாருடி. மூக்குத்தான் கொஞ்சம் சப்பை."

"வெளையாடாத. இன்னும் கொஞ்ச நேரத்துல இதை அடிச்சுக் கொல்லப் போறாங்க. மாத்துணா."

"மண்ணைத்தானடி அடிக்கப் போறாங்க."

"மண்ணுக்கு வேற மூஞ்சி இல்லியா?"

கண்ணு இன்னும் தொறக்கல. மாத்தலாம். அவனைப் பாடாதேன்னு சொன்னேன். நிறுத்திட்டான். என் கையும் நின்னுடுச்சு. கோடு போட்டா மதில் எழுத்து மாதிரி செத்துப்போய் விழுந்தது. மத்தளக்காரரைத் தட்டச் சொன்னேன். தட்டினாரு. அந்தத் தாளத்துல மீசையைப் பெருசு பண்ணினேன், தாடையை அகலமாக்கினேன். அது வரைக்கும் வந்தது. வாய் வரல. அது தாளத்துல வந்தது இல்ல, அவன் குரல்ல வந்தது.

"வாய் அப்படியே கீது," தங்கச்சி சொன்னா.

பூசாரி வந்துட்டாரு. "வெயில் ஏறுதுப்பா. கண்ணைத் தொற."

ஜனம் சுத்தி நின்னுடுச்சு. தங்கச்சி என்னையே பாத்துக்கிட்டிருந்தா. நான் சுண்ணாம்பு வச்சு, கரி வச்சு, கண்ணைத் தொறந்தேன்.

அவன் மேல ஏறி ஆடினான். நல்லாத்தான் ஆடினான். தொடையில அடி விழுந்தது. பானை உடைஞ்சு செகப்பா ஓடி மண்ணுல எறங்கிச்சு. அவன் பக்கத்துல சாஞ்சான். கடைசிப் பாட்டுக்கு வாயைத் தொறந்தான்.

சத்தம் வரல.

மத்தளக்காரர் அதே தாளத்தைச் சுத்திச் சுத்தி வாசிச்சாரு. ஜனம் நடிப்புன்னு நெனச்சது. ஒருத்தர் "ஆஹா"ன்னாரு. அவன் கையால கழுத்தைப் பிடிச்சான். ராஜாவோட கழுத்து வெடிப்பு காது வரைக்கும் போயிருந்ததை நான் அப்பத்தான் பாத்தேன்.

தங்கச்சி கூட்டத்தைத் தள்ளிக்கினு உள்ள ஓடினா. புருஷன்கிட்ட போகல. மண்ணு தலைகிட்ட போனா. ரெண்டு கையாலயும் அந்த வாயைப் பறிச்சா. நகத்துல ரத்தம் வந்தது. "கண்ணு தொறந்ததைத் தொடாதம்மா"ன்னு பூசாரி சொன்னாரு. அவ நிறுத்தல. வாய் இருந்த எடத்துல குழி விழுற வரைக்கும் பறிச்சா. மத்தளம் நின்னுடுச்சு.

படுகளம் முடிஞ்சா ஆளுக்கொரு பிடி மண்ணு எடுத்துக்கினு போய் நெல்லுல போட்டு வைப்பாங்க. அந்த வருஷம் யாரும் எடுக்கல. மழை வந்துதான் கரைச்சது.

ராத்திரி ராத்திரியா கத்திப் பாடின தொண்டை, நரம்பு வீங்கிடுச்சு, பேசாம இருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சரியாத்தான் சொல்லியிருப்பாரு. அறுவடை சமயத்துல பேச்சு வந்தது. பாட்டு வரல. சரளையில சைக்கிள் தள்ளுற மாதிரி ஒரு குரல்.

அவன் உயிரோடதான் இருக்கான். "நான் அந்த வாயைப் பறிச்சதாலதான்"னு தங்கச்சி சொல்லுவா. நான் மறுத்துப் பேசினதில்ல.

இப்பவும் நான்தான் முகம் வரையறேன். பாடுறது வேற ஆள். தங்கச்சி புருஷன் வந்து பக்கத்துல உக்காந்து எனக்கு வர்ணம் கலக்கிக் குடுப்பான். எப்பவாவது ஒரு வார்த்தை பேசுவான். அவன் பேசினா நான் பிரஷை மண்ணுல இருந்து எடுத்துடுவேன்.