பைக்குள் இருந்த இரண்டு சக்கரங்கள்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, குரும்பலூரில் இன்லைன் ஹாக்கி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் அப்பாவும். ஒரே வரிசையில் நான்கு சக்கரம் வைத்த ஷூவில் ஓடிக்கொண்டே, மட்டையால் வட்டைத் தள்ளி கோல் போடும் ஆட்டம் அது. பெரம்பலூரில் பைக் மெக்கானிக்காக இருந்த அப்பாவுக்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் பிடிபடவில்லை. சக்கரம் மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த வருடம் அரியலூரில் ஒரு தேர்வு நடந்தது. சர்வதேசப் போட்டிக்கு முன்னால் தகுதிச் சுற்று ஒன்று உண்டு. அதற்கு அனுப்பும் சிறுமியர் அணியை எடுக்க முதலில் ஒரு பயிற்சி முகாம். அந்த முகாமுக்கு பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே இடம். வந்திருந்த ஏழு பேரில் ஐந்து பேரை மதியத்துக்குள் கழித்துவிட்டார்கள். மிச்சம் நானும் விக்கிரமங்கலத்துப் பெண் ஒருத்தியும். அவள் என்னைவிட வேகம். அது எனக்கும் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கடைசி ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய வலது ஷூவில் ஒரு சக்கரம் பிளந்துபோனது. என் ஷூவை முடுக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு, அவள் அம்மா உடைந்த ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள்.

"அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்கண்ணே. சார் பத்து நிமிசந்தான் டைம் குடுத்திருக்காரு."

அப்பா உருட்டிப் பார்த்தார். "வேற வீல் போட்டாத்தாம்மா ஓடும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நம்மகிட்ட ஸ்பேர் ரெண்டு இருக்குல்ல?"

இருந்தது. முந்தின நாள் அவரே துணியில் சுற்றி என் பைக்குள் வைத்தவை. பை என் மடியில்தான் இருந்தது.

"இல்லப்பா. வூட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பையைப் பார்க்கவில்லை. பிறகு உடைந்ததைக் கழற்றிவிட்டு, மீதி மூன்றையும் இடம் மாற்றி, காலி இடம் நடுவில் வரும்படி பூட்டினார்.

"சமாளிக்கலாம் கண்ணு. வளையறப்ப மட்டும் பாத்து வளைஞ்சுக்க" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

அவள் சமாளித்தாள். ஒரு கோல்கூடப் போட்டாள். ஆனால் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் தடுமாறினாள், இரண்டு முறை விழுந்தாள். நான் மூன்று கோல் போட்டேன். என் பெயரை வாசித்ததும், முழங்கையில் ரத்தத்தோடு வந்து கைகொடுத்தாள். "அங்க போயி நல்லா ஆடு" என்றாள்.

முகாமிலிருந்து பத்தாம் நாளே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தகுதிச் சுற்றை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருடத் தேர்வுக்கு அவள் வரவில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று மாலை பெரம்பலூர் பஸ்ஸில் நான் மகாராணி. பின்சீட்டு ஆட்களிடம்கூட விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

"பாப்பா, எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அதையே மறுபடி கேட்டார்.

"பசிக்குதுப்பா" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அப்பா என் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னொரு பரோட்டா கேட்டேன்.