இரஞ்சிதத்தின் வலது காது

கடலோரப் பாறைக்குளத்திலிருந்து ஏறியதும் தலையை வலப்பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் நின்று துள்ளுவார் இரஞ்சிதம். காதுக்குள் போன தண்ணீர் வெளியே வரவேண்டும். பக்கத்தில் உடை மாற்றும் வெள்ளைக்காரப் பெண்கள் இதற்கு ‘ரஞ்சி டான்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஐம்பத்தாறு வயது. சிட்னியின் மரூப்ராவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. முழங்கால் நோவுக்குத் தண்ணீரில் நடக்கும்படி உடற்பயிற்சி வைத்தியரான பிசியோ சொன்னதால் அந்தக் குளத்துக்குப் போனவர், அங்கேயே நீந்தப் பழகிவிட்டார். அங்கே குளிர்காலமான யூலையில் தென்துருவக் காற்று முகத்தில் அறையும்போதும் சாதாரண நீச்சலுடைதான். குளிருக்கு ரப்பர் உடுப்பு போடலாமே என்று அயலில் இருக்கும் நான் ஒருமுறை கேட்டேன். “அதைப் போட்டால் உடுப்பெல்லோ குளிக்கும், நானோ?” என்றார்.

காலப்போக்கில் தண்ணீர் காதைவிட்டு இறங்க மறுத்தது. பிறகு நோவு, சீழ், சொட்டு மருந்து. அதன் பிறகு மனிதர்களின் குரல் தூரப்போனது. பென்டில் ஹில்லில் இருக்கும் மச்சாள் விஜயா, “உவவுக்கு இப்ப பெருமை. கூப்பிட்டாலும் திரும்பிறா இல்லை” என்று கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். பஸ் ஓட்டும் கணவர் சிறி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

குடும்ப வைத்தியர் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ வளர்ந்திருக்கிறது, காது வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றார். இரஞ்சிதம் வீட்டுக்கு வந்து ஒருவருக்கும் மூச்சுவிடவில்லை. அவருடைய தமக்கையைக் கொண்டுபோனதும் மார்பில் வளர்ந்த ஒன்றுதான். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நீந்தினார்; கேட்காதவற்றுக்குச் சிரித்துச் சமாளித்தார்.

சூடான பாத்திரத்தோடு பின்னால் வருபவர் குரல் கொடுக்கவேண்டும் என்பது சமையலறை விதி. ஒருநாள், கூட வேலை செய்யும் இளம்பெண் தாரிணி அப்படிக் குரல் கொடுத்தாள். அது கேட்காமல் இரஞ்சிதம் சடாரென்று திரும்பினார். சூப் அவருடைய முன்கையிலும் தாரிணியின் பாதத்திலும் கொட்டியது. “பிள்ளையின்ர கால் கொப்பளிச்சதைப் பாத்தாப் பிறகுதான் பயத்தை விட்டனான்” என்கிறார்.

வெஸ்ட்மீட்டில் காது வைத்தியம் பார்க்கும் மயூரா, தடுமாறும் தமிழில் பேசினார். திரையில் காதின் உட்புறம் தெரிந்தது. முத்துப்போல வெள்ளைப் புடைப்புகள். நடுவில் நூல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி.

“அன்ரி, இது கான்சர் இல்லை. எலும்பு. கனகாலம் குளிர் தண்ணியும் காத்தும் பட்டால் இப்பிடித் தடிக்கும். பலகையில அலைமேல சேர்ஃபிங் செய்யிற ஆக்களுக்குத்தான் கூடுதலா வாறது.”

“கான்சர் இல்லையோ?”

“இல்லவே இல்லை.”

இரஞ்சிதம் கைக்குட்டையை எடுத்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நானும் சேர்ஃபிங்காரியோ?” என்று கேட்டார்.

அறுவைச் சிகிச்சை செவிப்பறைக்கு மிகக் கிட்டச் செய்யும் வேலை, கேட்கும் சக்தி பாதிக்கப்படவும் கூடும் என்று மயூரா ஒளிக்காமல் சொன்னார். இரஞ்சிதம் சம்மதித்தார். மயக்கம் கொடுத்து, துளைகருவியால் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுத்தார்கள். காதை அடைத்திருந்த துணியை எடுத்த நாளில், தன் தலைமுடி காதில் உரசும் சத்தத்துக்கே திடுக்கிட்டார். இடக் காதிலும் எலும்பு வளர்ந்திருந்தது. அது இன்னும் வழியை மறிக்காததால் விட்டுவைத்தார்கள்.

காயம் ஆறும்வரை கடல் கூடாது. அதன் பிறகும் காதடைப்பான் போடாமல் இறங்கினால் திரும்ப வளரும். வைத்தியர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சிறி பிடித்துக்கொண்டார். கடலோடு அவருக்கு என்றுமே ஒட்டாது. வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

தண்ணீரில் இறங்கலாம் என்று மயூரா சொன்னதற்கு மறுநாள் காலை, நான் அவர்கள் வீட்டுக் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரஞ்சிதம் பையில் துவாயை வைத்தார். சிறி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“இப்ப வடிவாக் கேக்குதுதானே? அப்ப நான் சொல்லுறதைக் கேளும். வயசு போட்டுது. பட்டது காணும். உமக்கு இனி உந்தக் கடல் வேண்டாம்.”

“கேக்குது” என்றார் இரஞ்சிதம். சிறி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இரஞ்சிதம் அவருடைய முகத்தைப் பார்த்தபடியே பையிலிருந்து ஒரு சிறிய டப்பாவை எடுத்துத் திறந்து, நீல நிறக் காதடைப்பான்களை முதலில் வலக் காதிலும் பிறகு இடக் காதிலும் வைத்து, விரலால் நன்றாக அமத்தினார்.