நூற்று அறுபது பேருக்கு அரைத்த சாப்பாடு

1. மெனு

ஒரு மாநாட்டுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது எப்படி என்று ஸ்பீச் தெரபி படிப்பில் நான்கு வருஷமும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நாக்கின் தசைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தூக்கத்திலும் சொல்வேன். கேட்டரிங்காரரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் தெரியாது. அதனால் என்ன ஆனது என்பதை, டிபார்ட்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் வேறு யாரிடமாவது கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லும்போது கொஞ்சம் மசாலா தூக்கலாகச் சேர்க்கிறார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூரில் ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு வருஷமாக ஸ்பீச் தெரபிஸ்ட். ஊரில் என்னைப் பேச்சு டாக்டர் என்பார்கள். உண்மையில் என் வேலையில் பாதி பேச்சே இல்லை, விழுங்குதல்தான். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டைத் தசை தளர்ந்துபோனால், சோறும் தண்ணீரும் உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடும். அது நெஞ்சில் இறங்கி இன்ஃபெக்ஷன் ஆகும். அதைத் தடுக்கத்தான் கட்டியே இல்லாமல் அரைத்த சாப்பாடு, பவுடர் போட்டுக் கெட்டியாக்கிய தண்ணீர் என்று எழுதிக் கொடுக்கிறோம்.

போன வருஷம் எங்கள் சங்கத்தின் இரண்டு நாள் மாநாடு சிதம்பரத்தில், ரயிலடிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. எனக்கு இரண்டு பொறுப்பு. ஒன்று, சாப்பாடு. இன்னொன்று, முதல் நாள் மதியம் இரண்டரை மணிக்கு ஒரு பேப்பர். தலைப்பு: 'ஒத்துழைக்காத நோயாளியை என்ன செய்வது?'

அந்த ஒத்துழைக்காத நோயாளி ராமலிங்கம் சார். பெண்ணாடத்துக்காரர். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவர். மாநாட்டுக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை வராது. பேச்சு குழறும், ஆனால் பொறுமையாகக் கேட்டால் புரியும். நான் எழுதிக் கொடுத்த அரைத்த சாப்பாட்டைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடப்பார். இல்லையென்றால் திருட்டுத்தனமாக முறுக்கைக் கடித்துவிட்டு இருமுவார். இரண்டு முறை நெஞ்சில் இன்ஃபெக்ஷன் வந்து வார்டில் படுத்தார். செஸ்ட் டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூணாவது தடவை வந்தா நான் கேரண்டி கிடையாதும்மா. வயித்துல ட்யூப் போட்டுடலாம்."

ராமலிங்கம் சாரிடம் கேட்டால், "ட்யூபும் வேணாம். அந்தக் கூழும் வேணாம். என்னை விட்டுடுங்க" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி தனலட்சுமி அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதார்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். அவரை மாநாட்டுக்கே அழைத்துப்போய், நூற்று அறுபது நிபுணர்கள் முன்னால் உட்காரவைத்து, எல்லோரையும் அறிவுரை சொல்லவைத்தால் வெட்கப்பட்டாவது சாப்பிடுவார். என் மூளைக்கு அன்றைக்கு எட்டியது அவ்வளவுதான்.

2. பக்கிரி மாஸ்டர்

சமையலுக்கு ஏற்பாடு செய்தவர் சிதம்பரத்துப் பக்கிரி மாஸ்டர். முப்பது வருஷமாகக் கல்யாணங்களுக்குச் சமைப்பவர். அவருக்கு வாட்ஸ்அப்பில் மெனு அனுப்பினேன். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே வரி: 'நூற்று அறுபது பேர், கல்யாணச் சாப்பாடு.' என் பேப்பரோடு காட்டுவதற்கு அரைத்த சாப்பாடு பன்னிரண்டு தட்டு வேண்டும். அதற்கு மூன்று பக்கம். மூன்று பக்கமும் நாங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அதே தாள். சோறு, சாம்பார், பொரியல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து நைஸாக அரைக்கவும் என்று ஆரம்பிக்கும்.

அது போதாதென்று போனும் செய்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"மாஸ்டர், ஒரு கட்டி இருக்கக் கூடாது. ஒரு பருப்பு முழுசா போனாக்கூட உயிருக்கு ஆபத்து. புரியுதா?"

"புரியுது மேடம். கடுகு?"

"கடுகே கூடாது."

"சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார் என்று நினைத்தேன். மனுஷன் பயந்துபோயிருந்தார்.

3. முதல் பந்தி

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். நடுவில் சங்கத் தலைவி உட்கார்ந்தார், சென்னையில் பெரிய பேராசிரியை. பரிமாறுகிறவர் வந்து இலையில் ஒரு கரண்டி வைத்தார். தவிட்டு நிறம். அடுத்தவர் இன்னொரு கரண்டி வைத்தார். அதுவும் தவிட்டு நிறம்தான், கொஞ்சம் வெளுப்பு.

"இது என்னங்க?" என்றார் தலைவி.

"வடைங்க."

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே வெட் கிரைண்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், என்னா பண்ணி வச்சிருக்கீங்க! அரைச்சது பன்னண்டு தட்டுக்குத்தான?"

"ஆமா மேடம். பன்னண்டுதான் எழுதியிருந்தீங்க."

"அப்புறம்?"

"ஒரு பருப்பு முழுசா போனா உயிரு போயிடும்னீங்க. நூத்தி அறுவது பேருல அந்தப் பன்னண்டு பேரு யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? பரிமாறுறவங்க மாத்தி வச்சிட்டாங்கன்னா? முப்பது வருஷத்துல நம்ம கை சாப்பாட்டுல ஒருத்தரும் போனதில்ல மேடம். எதுக்கு வம்புன்னு மொத்தத்தையும் அரைச்சிட்டேன்."

"அப்பளத்தைக் கூடவா?"

"அதுலதான் மேடம் ரிஸ்க்கு ஜாஸ்தி."

தொழில்படி பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பேச்சு டாக்டருங்க மாநாடுன்னாங்க. எல்லாருக்குமே தொண்டையில ஏதோ கோளாறு போலன்னு நெனச்சிக்கிட்டேன். காலையிலேருந்து எல்லாரும் மைக்குலதான பேசுறாங்க, பாவம்."

"அரைக்காதது ஏதாவது மிச்சம் இருக்கா மாஸ்டர்? மோராவது?"

"மோரு இருக்கு மேடம். நீங்க எழுதின மாதிரி பவுடர் போட்டுக் கெட்டியாக்கி வச்சிருக்கேன்."

திரும்பி வந்தால் தலைவி என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார். "ஸ்டெல்லா, பிரமாதமான ஐடியா! நோயாளியோட சாப்பாட்டை நாமளே உணரணும்னு பண்ணியிருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு." பிறகு பக்கத்தில் வரச்சொல்லி மெதுவாகக் கேட்டார். "நெஜ சாப்பாடு எப்ப வரும்?"

அடுத்த பந்திக்கு வரும் என்று கூசாமல் புளுகினேன். நான் புளுகி முடிப்பதற்குள் பந்தி கலைய ஆரம்பித்துவிட்டது. ஒருவர் போன் வந்ததாக எழுந்தார். போன் அவர் இலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்னொருவர் இலை மடிப்புக்குக் கீழே எல்லாவற்றையும் தள்ளி நேர்த்தியாக மூடினார். கை கழுவியவர்கள் நேராகத் தெருவுக்குப் போனார்கள். எதிரே டீக்கடையில் பஜ்ஜிக்கு அடையாள அட்டை மாட்டிய கூட்டம் நின்றது. நோயாளி ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார் என்று தினமும் கேஸ் ஷீட்டில் எழுதுகிற கூட்டம்.

வரிசையின் கடைசியில் ராமலிங்கம் சார் இருந்தார். தன் பங்கைப் பாதி சாப்பிட்டிருந்தார். தலையைத் தூக்கி அந்தப் பந்தியை ஒரு முறை பார்த்தார். தோள் குலுங்கியது. முதலில் இருமல் என்று நினைத்துப் பதறிவிட்டேன். மனுஷன் சிரிக்கிறார். வாயில் கூழை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"சார், முழுங்கிட்டுச் சிரிங்க! தாடையைக் கீழ இறக்குங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மிச்சமிருந்த நாலைந்து தெரபிஸ்டுகளும் அதையே கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் ஒழுங்காக, மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும்படி தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, முழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"இவரு சிரிச்சே எட்டு மாசம் ஆச்சு மேடம்" என்றார் துணைக்கு வந்து அவர் பின்னால் நின்ற தனலட்சுமி அம்மா.

ராமலிங்கம் சார் இடது கையால் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். "ஒக்காரும்மா. நீ... சாப்புடு."

உட்கார்ந்தேன். முதல் வாய் பரவாயில்லை. இரண்டாவது வாயில் சாம்பார், பீன்ஸ், சோறு எதுவும் தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து ஈர மாவு மாதிரி இருந்தது. மூன்றாவது வாய் உள்ளே போகமாட்டேன் என்றது. ஊருக்கெல்லாம் விழுங்கக் கற்றுக்கொடுக்கிற எனக்கு விழுங்க வரவில்லை. எப்படியோ தண்ணீரைக் குடித்துத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன்.

அவர் தன் இலையில் இருந்த மிச்சத்தையும் வழித்து முடித்துவிட்டு, எடைமேடை முள்ளைப் பார்க்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வாய்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நான்... எட்டு மாசம். மூணு வேளை."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு சொல்வது போலச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சாப்பாட்டை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பார்த்திருக்கிறேன், முட்கரண்டியால் அழுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

4. இரண்டரை மணி

மேடையேறி முதல் ஸ்லைடைப் போட்டேன். 'ஒத்துழைக்காத நோயாளியை என்ன செய்வது?' பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் பஜ்ஜி வாசனையோடு ஹாலே சிரித்தது.

"மதியம் இலையில வச்சதை முழுசாச் சாப்பிட்டவங்க கை தூக்குங்க" என்றேன்.

ஒரே ஒரு கைதான் எழுந்தது. ராமலிங்கம் சாரின் இடது கை.

அதற்குமேல் அடுத்த ஸ்லைடுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். நோயாளியின் சாப்பாட்டை உணரவைக்கும் திட்டமெல்லாம் இல்லை, என் குளறுபடிதான் என்றும் சொன்னேன். தலைவி தண்ணீர் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு பக்கிரி மாஸ்டரை மேடைக்குக் கூப்பிட்டேன். திட்டப்போகிறோம் என்று நினைத்து, துண்டில் கையைத் துடைத்தபடி தயங்கித் தயங்கி வந்தார்.

"மாஸ்டர், கட்டி இருக்கக் கூடாது. அது மாறாது. ஆனா வாயில வைக்கிற மாதிரி இருக்கணும். என்ன பண்ணலாம்?"

அவர் முன்வரிசையில் இருந்த ராமலிங்கம் சாரைப் பார்த்து, "ஐயாவுக்கு என்னா புடிக்கும்?" என்று கேட்டார்.

எட்டு மாதத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்காத கேள்வி. எங்கள் ஃபாரத்தில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது.

"கொத்சு" என்றார் ராமலிங்கம் சார். குழறாமல் வந்தது.

"அட, இதுக்கா இவ்ளோ பாடு? கத்திரிக்காய மசிக்கறதுதான கொத்சே! தோலும் விதையும் வடிகட்டிட்டாப் போச்சு." மாஸ்டருக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஆமா, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அரைக்கச் சொன்னது யாரு மேடம்?"

"நான்தான்."

"கலக்கக் கூடாது மேடம். சோறு தனியா, காய் தனியா, குழம்பு தனியா அரைக்கணும். அப்பத்தான் எது எதுன்னு நாக்குக்குத் தெரியும். தாளிச்ச எண்ணெய வடிகட்டி மேல ஊத்துங்க. வாசனை வரும், கடுகு வராது."

நூற்று அறுபது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வடிகட்டியின் கண் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று தலைவி எழுந்து சந்தேகம் கேட்டார். அந்த மாநாட்டில் கேள்வி நேரம் நேரத்தைத் தாண்டிப் போன ஒரே பேச்சு பக்கிரி மாஸ்டருடையதுதான்.

5. இரண்டாம் நாள் காலை

மறுநாள் எல்லோருக்கும் முழுப் பொங்கல், முழு வடை. ராமலிங்கம் சாருக்கு மட்டும் மிளகு முந்திரி இல்லாமல் நைஸாக அரைத்த பொங்கல், பக்கத்தில் வடிகட்டிய கொத்சு. தலைவியும் நானும் ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தோம். பொங்கல் ஒட்டியது. ஒட்டினால் தொண்டையிலும் ஒட்டும், கூடாது என்று திருப்பி அனுப்பினோம். மாஸ்டர் முனகிக்கொண்டே வெந்நீரும் நெய்யும் விட்டு மறுபடி அடித்துக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அப்படியே வழுக்கிக்கொண்டு விழுந்தது. நானும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு அவரோடு உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வாய்க்கும் தாடையை இறக்கி, நிதானமாக, அரை மணி நேரம் சாப்பிட்டார். ஒரு இருமல் இல்லை. விரலால் தட்டை வழித்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ... சாப்புட்டியா?"

தனலட்சுமி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார். "எட்டு மாசமா சமையல்கட்டுக் கதவச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டேதான் மேடம் சாப்புடறேன். இவரு பாத்தா மனசு கஷ்டப்படுவாருன்னு."

ராமலிங்கம் சார் இடது காலால் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டார். அந்த அம்மா உட்கார, மாஸ்டரே வந்து இலை போட்டுப் பொங்கலும் இரண்டு வடையும் வைத்தார். ராமலிங்கம் சாரின் கண் வடைமேல் போனது. இடது கை நீண்டது. ஹாலில் இருந்த ஆறு தெரபிஸ்டுகள் ஒரே சமயத்தில் எழுந்தோம்.

அவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வடையை மனைவி பக்கம் தள்ளினார். "ஆறிடப் போவுது, சாப்புடு" என்றார். அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, "கொத்சு... இன்னொரு கரண்டி."

மூன்றாவது இன்ஃபெக்ஷன் இன்றுவரை வரவில்லை. ட்யூபும் போடவில்லை.

எங்கள் ஃபாரத்தில் இப்போது 'என்ன பிடிக்கும்?' என்று ஒரு கட்டம் உண்டு. இன்னொரு விதியும் உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த டிபார்ட்மென்ட்டில் அரைத்த சாப்பாடு எழுதிக் கொடுக்கிறவர்கள், முதலில் அதை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டிருக்க வேண்டும். நாளை மதியம் ஒரு மணிக்கு உங்கள் தட்டு என் மேஜையில் இருக்கும். காலி செய்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.